அந்தப் பையன் வீட்டுல என்ன பாஷை பேசுவான்?

கார் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஓடுகிற மாதிரி ஒரு கவிதையில் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்? "இளமை" என்று உங்கள் வாய் தானாகச் சொல்லியிருந்தால், நீங்கள் சிபிஎஸ்இ-யில் ப்ளஸ் டூ படித்தவர். கை கொடுங்க, நானும் அதே கேஸ்தான்.

மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எங்களுக்கு ஆங்கிலத்துக்கு என்சிஇஆர்டி-யின் இரண்டு புத்தகங்கள். ஃப்ளெமிங்கோ பாடநூல், விஸ்டாஸ் துணைப்பாடம். ஃப்ளெமிங்கோவின் முதல் கவிதை கமலா தாஸ் எழுதியது. மலையாளத்தில் மாதவிக்குட்டி என்ற பெயரில் கதைகள் எழுதினாரே, அவரேதான். ஒரு பெண் பெற்றோர் வீட்டிலிருந்து கொச்சிக்குக் காரில் போகிறாள். பக்கத்தில் அம்மா வாய் திறந்தபடி தூங்குகிறார். அந்த முகத்தைப் பார்த்ததும் மகளுக்கு ஒரு பயம் வருகிறது, சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். வெளியே மரங்கள், வீடுகளிலிருந்து ஓடிவரும் குழந்தைகள். விமான நிலையத்தில் இன்னொரு முறை திரும்பிப் பார்க்கிறாள். மறுபடி அதே பயம். ஆனால் சொல்வதென்னவோ வழக்கமாக விடைபெறும்போது சொல்கிற நாலு வார்த்தைதான். அப்புறம் சிரிக்கிறாள். முழுக் கவிதையும் ஒரே வாக்கியம்.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது ஒரு அட்டவணை. மரங்கள் என்றால் இளமை. குழந்தைகள் என்றால் உயிர்த்துடிப்பு. மங்கிய நிலா என்றால் முதுமை. சிரிப்பு என்றால் வலியை மறைத்தல். ஒரே வாக்கியமாக இருப்பதற்குக் காரணம் எண்ண ஓட்டம். நம்ம பாஷையில் சொன்னால் ஒரு லுக்-அப் டேபிள். இன்புட் படிமம், அவுட்புட் மதிப்பெண். நெருடா கவிதையில் பன்னிரண்டு வரை எண்ணச் சொன்னால் கடிகாரத்தின் மணிகள், இல்லையென்றால் வருடத்தின் மாதங்கள். இரண்டையும் எழுதிவிட்டால் சேஃப்.

அந்த ஆங்கிலக் கவிதையில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆரம்பத்தில் 'மதர்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர், கடைசியில் நேராகப் பேசும்போது 'அம்மா' என்கிறார். ஆங்கில எழுத்தில், ஆனால் நம் சொல். வகுப்பில் மிஸ் சத்தமாக வாசித்து அந்த இடத்துக்கு வந்தபோது பின்பெஞ்சு உட்பட எல்லாரும் நிமிர்ந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்களிடம் இருந்த கைடில் அதற்குக் கேள்வி இல்லை. கேள்வி இல்லாததால் அர்த்தமும் இல்லை, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

கைடு, அட்டவணை எல்லாம் வேஸ்ட் என்று நான் சொல்ல வரவில்லை. விடைத்தாள் திருத்துகிறவரின் பக்கம் இருந்து பார்த்தால் இது புரியும். அவர் முன்னால் ஒரு கட்டு. மார்க்கிங் ஸ்கீம் என்ற பெயரில் ஒரு தாள், அதில் 'வேல்யூ பாயின்ட்' என்று சில குறிப்புகள். அது இல்லையென்றால் நம் மார்க் அவருடைய அன்றைய மூடைப் பொறுத்தது. திருநெல்வேலிப் பையனுக்கும் திரிபுராப் பெண்ணுக்கும் ஒரே தராசு வேண்டுமென்றால் ஏதோ ஒரு எடைக்கல் இருக்கத்தான் வேண்டும். அந்தக் குறிப்புகளின் கீழே 'பொருத்தமான வேறு எந்தக் கருத்தும்' ஏற்கலாம் என்ற பொருளில் ஒரு வரி பலமுறை வரும். என்னைக் கேட்டால் முழு ஆங்கிலப் பாடத்திலும் நல்ல வரி அதுதான். ஆனால் அதை நம்பி எழுதின ஆளை நான் பார்த்ததில்லை. மார்க் விஷயத்தில் யார் ரிஸ்க் எடுப்பார்கள்?

ஸ்டேட் போர்டு மக்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு 'நயம் பாராட்டுக' இருந்தது. ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒரு சவால் விட்டான்: எதைக் கொடுத்தாலும் படிக்காமலே நயம் பாராட்டுவானாம். மெஸ் மெனுவைக் கொடுத்தோம். சாதம், சாம்பார் மோனை. வடை, அடை எதுகை. அத்தனை காரத்துக்கும் பின்னால் மோர் வருவதில் அமைதிச் சுவை. திரண்ட கருத்து, மையக்கருத்து எல்லாம் தலைப்பு போட்டு அடிக்கோடு வேறு. பத்துக்கு எட்டாவது விழும் என்றான். விழும்தான்.

எங்கள் பேட்ச் இதிலும் கொஞ்சம் ஸ்பெஷல். 2021-22-ல் ப்ளஸ் டூ. கொரோனா காரணமாகத் தேர்வை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பருவத் தேர்வு முழுக்க எம்சிகியூ, ஓஎம்ஆர் தாள், 90 நிமிடம், 40 மதிப்பெண். கவிதையும் அதில்தான். மகள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பினாள் என்பதற்கு ஏ, பி, சி, டி. ஃபிசிக்ஸில் தப்பான விடை எதுவென்று கண்டுபிடித்து நீக்குவோமே, அதே வேலை. பயம், துக்கம், குற்ற உணர்ச்சி, சலிப்பு. ஏன் நாலில் மூன்று இருக்கக்கூடாது? வட்டம் ஒன்றுதான் கருப்பாக்க முடியும்.

அதே டிசம்பரில் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 11-ஆம் தேதி. மனைவிகளுக்கு விடுதலை கிடைத்ததால்தான் பிள்ளைகள் கட்டுப்பாடு இல்லாமல் போனார்கள் என்கிற ரீதியில் ஒரு பத்தி கொடுத்து, அதன்மேல் கேள்விகள். நாடாளுமன்றம் வரை பிரச்சினை போய், சிபிஎஸ்இ அந்தப் பத்தியையே நீக்கி எல்லாருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தது. எனக்கு அதில் உறுத்துவது அந்தப் பத்தி இல்லை, அப்படி எழுதுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். இது அபத்தம் என்று தோன்றுகிற ஒரு பதினைந்து வயதுப் பெண் அதை எங்கே எழுதுவாள்? அதற்கு வட்டம் கிடையாது.

கொரோனா வருடங்களில் பாடத்தைக் குறைத்தபோது வெட்டியதில் கல்கி, அசோகமித்திரன், பாமா மூன்று பேரும் போனார்கள். (பிறகு பாடத்திட்டத்தில் திரும்பி வந்துவிட்டார்கள்.) போர்ஷனில்தான் இல்லை, புத்தகத்தில் இருந்தார்கள். அதனால் கல்கியின் 'புலி ராஜா'வை ஆங்கிலத்தில் நாங்கள் சும்மா படித்தோம். புலியால் சாவு என்று ஜோசியம் சொன்னதால் நூறு புலிகளைக் கொல்லக் கிளம்பும் ராஜா, கடைசியில் இரண்டேகால் அணா மரப்புலி பொம்மையின் சிலாம்பு குத்திச் சாகிறான். பொம்மையின் விலையைக் கேட்டதும் கடைக்காரன் பயந்துபோய் முந்நூறு ரூபாய் என்கிறான். வகுப்பே சிரித்தது. இப்போது ப்ளஸ் டூ படிக்கும் என் சித்தி பையனிடம் அந்தக் கதை எப்படி என்று கேட்டேன். "டிரமேட்டிக் ஐரனிண்ணா" என்றான். சிரிச்சியா என்று கேட்டால், "எதுக்கு?" என்கிறான். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். தமிழில் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

போர்ஷனில் இருந்த கதைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

ஃப்ளெமிங்கோவின் முதல் பாடம், பிரெஞ்சு எழுத்தாளர் அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய 'கடைசிப் பாடம்'. ஃபிரான்ஸ் என்று ஒரு பையன். (நாட்டின் பெயர் இல்லை, பையனின் பெயர்.) பள்ளிக்கு லேட். இலக்கணம் படிக்கவில்லை, வாத்தியார் ஹாமெல் அடிப்பாரோ என்று பயம். போனால் வகுப்பு அமைதியாக இருக்கிறது. பின்பெஞ்சில் ஊர்ப் பெரியவர்கள். வாத்தியார் விசேஷ நாள் கோட்டு போட்டிருக்கிறார். போரில் தோற்றாகிவிட்டது, அல்சாஸ், லொரேன் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு. இன்றுதான் கடைசி பிரெஞ்சு வகுப்பு. நாற்பது வருடம் அங்கே பாடம் நடத்தியவர் கடைசியில் பேச முடியாமல் போர்டில் பிரான்ஸ் வாழ்க என்று எழுதிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டுகிறார்.

கைடில் இதற்கு ஐந்து பாயின்ட். தாய்மொழிப் பற்று. மொழித் திணிப்பு. காலம் கடந்த ஞானம். நாட்டுப்பற்று. நாளைக்கு என்று தள்ளிப் போடாதே.

இந்தக் கதையை எங்களுக்கு எப்படி நடத்தினார்கள் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் 5 ரூபாய் ஃபைன். கிளாஸ் லீடரிடம் ஒரு நோட்டு இருக்கும், பேரை எழுதி வெள்ளிக்கிழமை வசூல். உங்களில் பாதிப் பேர் படித்த பள்ளியிலும் இது இருந்திருக்கும். ஹாமெல் அழுகிற இடம் வந்தபோது மிஸ் எழுந்துபோய் வகுப்புக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, "இங்க பாருங்கப்பா, நாளையிலேர்ந்து உங்க பாஷையில பேசக்கூடாதுன்னு ஒருத்தன் வந்து சொன்னா எப்படி இருக்கும்?" என்று தமிழில் ஆரம்பித்தார். இருபது நிமிடம் அருமையாகப் பேசினார். 1965 பற்றி, அவருடைய அப்பா அந்தப் போராட்டத்தில் நின்றது பற்றி. முடிந்ததும் ஒருத்தன் எழுந்து, "மிஸ், இப்ப உங்களுக்கும் ஃபைனா?" என்றான். "எழுதிக்கோடா, என் பேருல அஞ்சு ரூபா" என்றார். எல்லாரும் சிரித்தோம், அவரும்தான். அப்புறம் கதவைத் திறந்துவிட்டு ஆங்கிலத்தில் ஐந்து பாயின்ட்டையும் எழுதிப் போட்டார். ஆங்கிலத்தில் எழுதினால்தான் தாய்மொழிப் பற்றுக்கு மார்க்.

அன்று ராத்திரி அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். எங்கள் அம்மா தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவர். பாடத்தை யாரிடமாவது சொன்னால் மனதில் நிற்கும் என்பதற்காகத்தான் சொன்னது, வேறு பெரிய காரணம் இல்லை. தோசை ஊற்றிக்கொண்டே 'உம்' கொட்டியவர் நடுவில் கேட்டார்: "அந்தப் பையன் வீட்டுல என்ன பாஷை பேசுவான்?"

பிரெஞ்சுதான், அதானே அவன் தாய்மொழி என்றேன்.

"அப்புறம் ஏன் அவனுக்கு அது வர மாட்டேங்குது? அந்தப் பெரியவங்களும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாங்கன்ற."

இலக்கணம் வேறு, பேச்சு வேறு என்று ஏதோ சொன்னேன். ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. ஃபோனை எடுத்து அல்சாஸ் பற்றித் தேட ஆரம்பித்தேன். ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருந்தது, அது தனிக்கதை.

விஷயம் இதுதான். அல்சாஸ் 17-ஆம் நூற்றாண்டில்தான் பிரான்சின் கைக்குள் வந்தது, அதன் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூர் 1681-ல். அங்கே பெரும்பாலான மக்கள் வீட்டில் பேசியது பிரெஞ்சு இல்லை. ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த அல்சாஸிய மொழி. பிரெஞ்சு என்பது அரசாங்கத்தின் மொழி, பள்ளிக்கூடத்தின் மொழி. லொரேனில் சில பகுதிகளிலும் அல்சாஸின் சில பள்ளத்தாக்குகளிலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் இந்தக் கதைக்குத் தோதே வைத்த துணைத்தலைப்பே ஒரு அல்சாஸ் சிறுவன் சொன்னது என்ற பொருளில்தான் இருக்கிறது.

இப்போது கதையைத் திரும்பப் படியுங்கள். பையன் பெயர் ஃபிரான்ஸ். பிரெஞ்சில் அது ஃபிரான்ஸ்வா, ஃபிரான்ஸ் என்பது ஜெர்மன் வடிவம். பின்பெஞ்சில் பழைய பாலபாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஹவுசர். கொல்லர் வாக்டர். எல்லாம் ஜெர்மானியப் பெயர்கள். ஹாமெல் ஒரு இடத்தில் வருத்தப்படுகிறார்: பிரெஞ்சுக்காரர்கள் என்று சொல்லிக்கொள்கிறீர்கள், உங்கள் மொழியையே பேசவும் எழுதவும் தெரியவில்லையே என்று எதிரிகள் கேட்பார்களாம். எழுதத் தெரியாவிட்டால் சோம்பேறித்தனம். பேசவுமா தெரியாது? சொந்தத் தாய்மொழியையா? அந்த வரி புத்தகத்திலேயே இருக்கிறது. நாங்கள் அதைக் 'காலம் கடந்த ஞானம்' என்ற பாயின்ட்டுக்குக் கீழே சேர்த்துவிட்டோம். பெற்றோர்கள் பிள்ளைகளை வயலுக்கும் மில்லுக்கும் அனுப்பினார்கள் என்று ஹாமெல் குறை சொல்வதும் இப்போது வேறு மாதிரிக் கேட்கிறது. வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழியின் இலக்கணத்துக்காக, வயல்வேலையை விட்டுவிட்டு ஏன் அனுப்புவார்கள்?

அதனால் கதை பொய் என்று ஆகிவிடாது. நாற்பது வருடம் இருந்த வகுப்பறையை விட்டுப் போகிறவரின் அழுகை உண்மைதான். ஆயுதத்தோடு வந்தவன் போடும் உத்தரவு அநியாயம்தான். ஆனால் இது 1870-71 போரில் தோற்ற கையோடு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய கதை, 1873-ல் தொகுப்பாக வந்தது. அல்சாஸ்காரர்கள் நம்மவர்கள் என்று பாரிசுக்குச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஃபிரான்ஸ் வீட்டில் அம்மாவிடம் என்ன மொழியில் பேசுவான் என்று கதை ஒரு இடத்தில்கூடச் சொல்லாது. சொன்னால் கதை நிற்காது. இன்னொன்று, தோதே பிறந்தது தெற்கே நீமில். அந்தப் பக்கத்து மொழி ஒக்சிதான், பிரெஞ்சுப் பள்ளிகள் அதையும் ஓரம்கட்டின. அந்த மொழியில் எழுதி 1904-ல் நோபல் வாங்கிய மிஸ்த்ரால் இவருக்கு நெருங்கிய நண்பர். மொழி போவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

அந்த ஊர்களின் பிற்கதையையும் சொல்லிவிடுகிறேன். 1871-ல் ஜெர்மனி, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1945-க்குள் மறுபடி பிரான்ஸ். 75 வருடத்துக்குள் நாலு தடவை கைமாறியது. நாஜிகள் பிரெஞ்சைத் தடை செய்தார்கள். அவர்கள் போனபிறகு, பிரெஞ்சு பேசுவதுதான் ஸ்டைல் என்று பிரச்சாரம் நடந்தது. பள்ளிகளில் அல்சாஸிய மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை கிடைத்தது. அதைப் படித்தபோது எங்கள் கிளாஸ் லீடரின் நோட்டுதான் கண்முன் வந்தது. ஹாமெலின் வகுப்பில் ஃபிரான்ஸ் தன் வீட்டு மொழியில் பக்கத்துப் பையனிடம் பேசியிருந்தால்? நமக்குத் தெரியாது, கதை சொல்லவில்லை. ஆனால் ஹாமெலின் அந்தப் பெரிய இரும்பு ரூலர் மட்டும் கதையில் இருக்கிறது.

இவ்வளவையும் ஓஎம்ஆர்-இல் எப்படிக் கருப்பாக்குவது? கேள்வி நாலு ஆப்ஷனோடு வரும், அதில் ஒன்று தாய்மொழிப் பற்று என்று இருக்கும். அதைத்தான் அடிக்க வேண்டும். மாடல் தேர்வில் அடித்தேன், மார்க் வந்தது. 40, 50 வார்த்தையில் எழுதச் சொல்லியிருந்தாலும் அல்சாஸிய மொழிக்கு இடம் இருந்திருக்காது. தேர்வுக்கு அதுவே போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு வருத்தம் வேறு இடத்தில். அம்மா கேட்டது சாதாரணக் கேள்வி. கதை கேட்கிற எந்த மனிதரும் கேட்பது. பதினோரு வருடம் ஆங்கிலத்தில் கதையும் கவிதையும் படித்த முப்பத்தெட்டு பேர், ஒரு மிஸ், இரண்டு கைடு, ஒரு யூடியூப் சேனல், இத்தனைக்கும் நடுவில் அந்தக் கேள்வி ஒருமுறைகூட வரவில்லை. அன்று அதைத் தமிழில் சொன்னதால்தான் வந்தது என்று நினைக்கிறேன். தமிழில் சொல்லும்போது பாயின்ட் வராது. பையன் வருவான், வாத்தியார் வருவார், அவர்கள் ஏதோ ஒரு மொழியில் பேசியாக வேண்டும்.

போன வாரம் சித்தி பையன் ஃபோன் செய்தான். 'கடைசிப் பாடம்' முக்கியக் கேள்விகள் வேண்டுமாம். ஐந்து பாயின்ட்டையும் அனுப்பினேன், கூடவே அல்சாஸ் கதையை வாய்ஸ் நோட்டாக, ஏழு நிமிடம். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டிருப்பான். "செமையா இருக்குண்ணா. ஆனா இதை எழுதினா மார்க் வெட்டுவாங்களா?" என்றான். மார்க்கிங் ஸ்கீமில் கடைசியில் ஒரு வரி இருக்கு, அதைப் பார் என்றேன். "அதெல்லாம் யார்ண்ணா பாக்குறாங்க" என்றான்.

மார்ச்சில் அவனுக்குத் தேர்வு. ஐந்தும் மனப்பாடம் ஆகிவிட்டதாம். ஆறாவதை எழுதப் போகிறாயா என்று நான் கேட்கவில்லை.